ஆஸ்பத்திரி நிறுத்தம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை இனி நீ எழுதித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆமாம், எழுதித்தான். போனில் பேசினால் எனக்குப் பின்னால் பஸ் உறுமுகிறது, உனக்குப் பின்னால் உங்கள் ஆய்வுக்கூடத்து ஏசி உறுமுகிறது. "என்ன, என்ன" என்று மாற்றி மாற்றிக் கேட்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. கடிதமென்றால், கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்பும்வரை கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதலாம். அந்த நேரத்தில் டிரைவர் டீ குடிக்கப் போய்விடுவார். தொந்தரவில்லை.

பொடிசுக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது. அப்படியே உன் மூக்கு. என் வீட்டுக்காரி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள், ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். பால் குடிக்கும்போது மட்டும் நெற்றியெல்லாம் வியர்த்து, பாதியிலேயே அசந்து தூங்கிவிடுகிறாள். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

உன் தம்பி

பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, தபால் பெட்டியில் உன் கடிதத்தைப் பார்த்ததும்தான் கொஞ்சம் படபடப்பு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டரைக்கூட என்னை எழுதச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் நீ. உனக்கு எப்போதிலிருந்து எழுத்தில் இவ்வளவு பிரியம்? சரி, பஸ் உறுமுகிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

இங்கே புது ஆய்வு ஒன்று தொடங்கியிருக்கிறோம். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றியது. பல ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து இதய ஒலியைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, ஓர் எண் மட்டும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, ஓட்டை சிறிதாகிறதா, அப்படியே நிற்கிறதா என்று மதிப்பெண் போட வேண்டும். பிறகு அதை ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். காதை நம்பலாம் என்று ஆகிவிட்டால் ஸ்கேன் மெஷின் இல்லாத ஊர்க் குழந்தைகளுக்குப் பெரிய உபகாரம். என் நெஞ்சில் தையல் போட்டது மேலறைச் சுவருக்கு, இது கீழறைச் சுவர். ஒரே வீட்டில் மாடியும் கீழ்த்தளமும் மாதிரி. அதனால் எனக்கு இந்த வேலையில் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

வெயிலே இல்லாத மாதத்தில் பொடிசுக்கு ஏன் வியர்க்கிறது? டாக்டரிடம் காட்டினாயா? வேறு எதை எழுதாவிட்டாலும் அதை எழுது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? நாங்களும் அப்படியே. டாக்டரிடம் காட்டினோம். வியர்வை போகப் போகச் சரியாகும் என்றார்.

உன்னிடம் ஒரு உதவி. எங்கள் டிரைவர் இருக்கிறாரே, அவர் வீட்டில் ஒரு கைக்குழந்தை. நீ எழுதியிருந்த அதே கீழறைச் சுவரில் ஓட்டையாம். நடுத்தர அளவாம். தானாக மூடினாலும் மூடலாம், மூடாவிட்டால் ஆபரேஷன், பொறுத்திருந்து பார்ப்போம் என்கிறார்களாம். இப்போதைக்குச் சொட்டு மருந்து. "உங்க அக்கா அதே வேலையிலதானே இருக்காங்க, கேட்டுச் சொல்லேன்" என்று டிரைவர் என் உயிரை எடுக்கிறார்.

அந்தச் சத்தம் எதனால் வருகிறது? எப்போது மூடும்? மூடாமல் போனால் அவ்வளவு சின்ன நெஞ்சை எப்படித் திறப்பார்கள்? அப்புறம், டிரைவர் வீட்டம்மா "இது யாரால வந்துச்சு, யாரால வந்துச்சு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். அதற்கும் ஒரு பதில் எழுது.

அவசரமில்லை. டிரைவர்தான் அவசரப்படுகிறார்.

உன் தம்பி

மார்ச் 25

மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பதை நேற்று மாடிப்படியில் பார்த்தேன். அடுத்த அறையில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது அபத்தம்தான். ஆனால் இதை எதிரில் நின்று சொன்னால் அழுதுவிடுவேன்.

இன்று காலை என் பங்குக்கு வந்த பதிவுகளில் ஒன்றைக் கேட்டேன். முதல் ஒலியிலிருந்து இரண்டாம் ஒலிவரை இடைவெளியே இல்லாமல் கரகரவென்று இரைச்சல். ஓட்டை நன்றாகவே திறந்திருக்கிறது. குழந்தையின் மூச்சு சீராக இருந்தது. பின்னணியில் ஓர் ஆண் குரல் பஸ் நிறுத்தங்களை வரிசையாகக் கூப்பிடுகிறது. "பழைய பாலம், தண்ணித் தொட்டி, கண்ணாடிக் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி." ஆஸ்பத்திரி என்றதும் குரல் நின்றுவிட்டது.

அதற்கு அடுத்தது மர மில், ரயில்வே கேட், பூங்கா வாசல். எனக்குத் தெரியும். சிறுவயதில் எனக்கு இதய ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது, என் கட்டிலையே பஸ்ஸாக்கி, எனக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்து, இதே வரிசையைக் கூப்பிட்டவன் என் தம்பி. இன்று அதே தடத்தில் அவன்தான் கண்டக்டர்.

அந்தக் குழந்தை என் தம்பி மகள். அவன் என்னிடம் சொல்லவில்லை. டிரைவரின் குழந்தை என்று எழுதியிருக்கிறான். அந்த டிரைவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவர் பெண் தேடி அலைந்த கதையை இவனே சொல்லிச் சிரித்திருக்கிறான். போனை விட்டுவிட்டுக் கடிதத்துக்கு ஏன் மாறினான் என்பதும் இப்போதுதான் புரிகிறது. குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம்.

அந்தப் பதிவுக்கு நான் மதிப்பெண் போடவில்லை. போட்டால் என் ஆசைதான் போடும், காது போடாது. அந்த எண்ணில் இனி வருவதையும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒலி கேட்பவர், மூன்றாம் மேசை

மார்ச் 26

மூன்றாம் மேசைக்கு,

வணக்கம். அந்த எண் இனி உங்களிடம் வராது. பதிவிலிருந்து குரலை மட்டும் வெட்டி எடுக்கலாமா என்று யோசித்தேன். வெட்டினால் இதய இரைச்சலும் சேர்ந்து வெட்டுப்படும், ஆகவே முடியாது.

முதல் கட்டம் முடியும்வரை அந்தக் குழந்தையின் பதிவையோ ஸ்கேனையோ நீங்கள் பார்க்கக் கூடாது. நீங்கள் கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். குழந்தையைக் கவனிக்க அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஓர் அத்தை தன் தம்பிக்கு என்ன எழுதுகிறாள் என்பதில் ஆய்வுக்கூடத்துக்கு வேலையில்லை. நிறைய எழுதுங்கள்.

நேற்று நீங்கள் மதியம் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். இன்று சாப்பிடவும். இது உத்தரவு.

பேராசிரியர்

ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் நேரத்துக்குத் தூங்குகிறீர்களா?

டிரைவர் குழந்தையைப் பற்றிப் படித்து மனசு கஷ்டப்பட்டது. பாவம், நல்ல மனுஷர். இதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டு.

இடப்பக்கக் கீழறையில் அழுத்தம் அதிகம், வலப்பக்கம் குறைவு. அதனால் ஓட்டை வழியாக ரத்தம் அந்தப் பக்கம் பீய்ச்சி அடிக்கிறது. அந்தச் சத்தம்தான் டாக்டர் காதில் விழுவது. சத்தத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், சின்ன ஓட்டைதான் பெரிய சத்தம் போடும். குழந்தை வளர வளர இதயத்தின் சதையும் வளரும். அப்படி வளரும்போது இந்த மாதிரி ஓட்டைகளில் நிறைய தாமாகவே மூடிக்கொள்கின்றன. எப்போது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கட்டும், குடிப்பதே அவளுக்கு மலையேறுகிற வேலை. சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விட வேண்டாம். மூடாவிட்டால் ஆபரேஷன். சின்ன நெஞ்சைத் திறக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தையல் போட்ட நெஞ்சோடு நான் உன்னைத் தெரு முழுக்கத் துரத்தி அடித்ததை டிரைவரிடம் சொல்.

யாரால் வந்தது என்ற கேள்விக்குப் பதில்: யாராலும் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பெரும்பாலும் காரணமே தெரியாது. ஆகவே யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாமென்று அந்த அம்மாவிடம் சொல்.

டிரைவர் குழந்தையை என் சார்பில் ஒரு தடவை தூக்கிக் கொஞ்சு. நீதான் பக்கத்தில் இருக்கிறாயே.

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, திட்டாதே. எல்லோரும் நலம். நீ?

டிரைவர் உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். சட்டை மாறினால் கடிதமும் மாறுகிறது. குற்றவாளிக் கூண்டு என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு, "எழுதினவங்களும் அதுல ஏறாம இருக்கணும்னு சொல்லு" என்றார். என்ன அர்த்தமோ, அவர் பேச்சே அப்படித்தான்.

இப்போது நல்ல செய்தி. போன வாரம் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டாராம். "சத்தம் ரொம்பக் குறைஞ்சுபோச்சே" என்றாராம். டிரைவர் டிப்போ முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டார், பணிமனைக் காவலாளிவரைக்கும். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மெஷின் ரிப்பேர் என்பதால் தேதி தள்ளிப்போகிறது. அதற்கென்ன, மெதுவாக எடுக்கலாம் என்று டிரைவர் இருக்கிறார். பீய்ச்சுவதால்தான் சத்தம் என்று நீதானே எழுதினாய்? சத்தம் போனால் ஓட்டையும் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

உன் தம்பி

ஜூன் 23

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரிப்பை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

சத்தம் குறைந்தால் ஓட்டை மூடியிருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு, அதையும் டிரைவருக்குச் சொல்லாமல் விட என்னால் முடியாது. தோட்டத்துக் குழாயைக் கட்டைவிரலால் முக்கால்வாசி மூடினால் தண்ணீர் சீறும். முழுக்க மூடினால் சத்தமில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதே வேகத்தில் தண்ணீர் வந்து முட்டி நின்றாலும் சத்தம் இருக்காது. ஓட்டை அப்படியே இருந்து, நுரையீரலுக்குப் போகும் பக்கத்தில் அழுத்தம் ஏறி, இரண்டு பக்கமும் சமமாகிவிட்டாலும் இரைச்சல் அடங்கிவிடும். அது நல்லதில்லை. அதை அப்படியே விட்டால் ஆபரேஷன் செய்ய வேண்டிய காலம் கைநழுவிப் போய்விடும்.

இரண்டில் எது என்பதை ஸ்கேன்தான் சொல்லும். மெஷின் சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஊரில் இருந்தால் அங்கே போகட்டும், அதற்கும் அடுத்த ஊரில் இருந்தால் அங்கே போகட்டும். எடை ஏறியிருக்கிறதா? வியர்வை நின்றதா? கேட்டு எழுது.

மிட்டாய் கொடுத்ததில் தப்பில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அக்கா

ஜூலை 20

தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். வேறு விசாரிக்கத் தெரியவில்லை.

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நான் வாசலில் நிற்பதைப் பார்த்தாலே தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிக்கிறார். போனைக் கையில் எடுக்கிறேன், உன் பெயரைப் பார்க்கிறேன், வைத்துவிடுகிறேன். போன் வேண்டாம், எழுதிக்கொள்வோம் என்று நீ கேட்டாய், அதை நான் மீறக் கூடாது. டிரைவருக்குச் சொல்ல வாய் வரவில்லை என்றால் நீ எழுது. நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அக்கா

ஆகஸ்ட் 1

அக்கா,

மூடிவிட்டது. நலம் விசாரிப்பதற்கு முன்னால் அதை எழுதிவிடுகிறேன். ஓட்டை மூடிவிட்டது, நுரையீரல் பக்கத்து அழுத்தமும் சரியாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே அலைய ஆரம்பித்தோம். பக்கத்து ஊரில் தேதி கிடைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்த நாட்களில் உனக்கு என்ன எழுதுவது? பேனாவை எடுத்தால் உன் தோட்டத்துக் குழாய்தான் ஞாபகம் வந்தது.

நேற்று ஸ்கேன். இருட்டு அறை, டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பொடிசு அவருடைய வாட்ச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "எங்கம்மா ஓட்டை? தேடிப் பாத்துட்டேன், காணோமே" என்றார். என் வீட்டுக்காரி பொடிசை வாரி எடுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, விக்கல் வந்தது, எது எதுவென்றே தெரியவில்லை. டிரைவரும் லீவு போட்டுக் கூட வந்திருந்தார். முன்னதாக நர்ஸ், "பாப்பாவோட அப்பா உள்ள வாங்க" என்றபோது எனக்கு முன்னால் அவர் எழுந்துவிட்டார். "இத்தனை மாசம் லெட்டர்ல என்னை அப்பாவா வச்சிருந்தியே, பழக்கமாயிடுச்சு" என்கிறார். இதை வைத்து இன்னும் பத்து வருஷம் ஓட்டுவார்.

டிரைவர் கட்டைப் பிரம்மச்சாரி என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

ஆய்வில் சேரக் கையெழுத்துக் கேட்டபோது, பதிவெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். நீ இருக்கும் ஊரைச் சொன்னார்கள். உடனே போட்டுவிட்டேன். உன்னிடம் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை அக்கா. கேட்டதும் நீ முதலில் உன் நெஞ்சுத் தழும்பைத்தான் தொட்டுப் பார்ப்பாய், என் வழியாக வந்துவிட்டது என்று நினைப்பாய். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அன்றைக்குப் பொடிசு நல்ல தூக்கம். "தூங்கற குழந்தைக்கு எதுக்குங்க பஸ் ஓட்டறீங்க?" என்று நர்ஸ்கூடக் கேட்டாள். நான் அவளுக்காகவா கூப்பிட்டேன்? நீ கேட்பாய் என்றுதான் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி என்று வந்ததும் அதற்கு மேல் கூப்பிட முடியவில்லை.

அப்புறம் ஒவ்வொரு தடவை பதிவு எடுத்தபோதும், அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஏதாவதென்றால் அக்கா விட மாட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை மாதம் டிக்கெட் கிழித்தேன்.

இப்போது கேட்கிறேன். நீ சௌக்கியமா?

உன் தம்பி

ஆகஸ்ட் 30

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியம். பல மாதங்களுக்குப் பிறகு இந்த வார்த்தையை உண்மையாக எழுதுகிறேன். உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். தபால்காரரிடம் "எங்க வீட்டுக் குழந்தைக்கு மூடிடுச்சு" என்றேன். என்ன மூடியது என்று அவருக்குத் தெரியாது. பாவம், அவரும் ரொம்பச் சந்தோஷம் என்றார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ நினைத்த மாதிரி நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முதல் பதிவில் உன் குரலைக் கேட்ட அன்றே பேராசிரியருக்கு எழுதி விலகிவிட்டேன். அத்தைக்கு இதில் நடுநிலை கிடையாது, அதனால். அதற்குப் பிறகு பொடிசின் இதயத்தைக் கேட்டது யாரோ, எனக்குத் தெரியாது. உன்னைப் போலவே நானும் ஒன்றும் தெரியாமல்தான் இருந்தேன். ஸ்கேன் எடு என்று நான் எழுதியது பதிவைக் கேட்டு இல்லை, பயந்துபோய். நீ சாய்ந்துகொண்டிருந்த இடத்தில் அக்கா இருந்தாள், அவள் காது இல்லை.

தழும்பைப் பற்றி நீ எழுதியது சரி. அன்றைக்கு முதலில் அதைத்தான் தொட்டேன். அப்புறம் "யாராலும் இல்லை" என்று உன் டிரைவருக்கு எழுதினேன். ஊருக்கெல்லாம் சொல்கிறோம், நமக்கு மட்டும் சொல்லிக்கொள்ள மறந்துவிடுகிறோம். டிரைவர் சொன்னபடி நானும் கூண்டிலிருந்து இறங்கிவிட்டேன் என்று அவரிடம் சொல்.

இன்னொன்றுக்கு என்னை நானே திட்டிக்கொள்கிறேன். முதல் பதிவில் குழந்தையின் மூச்சு சீராக இருந்தது என்று பேராசிரியருக்கு நானே எழுதினேன். தூங்குகிற குழந்தைக்கு எவன் பஸ் ஓட்டிக் காட்டுவான், இது எனக்காகத்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவள் என்று வெளியில் சொல்லாதே.

நேற்று முதல் கட்டம் முடிந்தது. பேராசிரியர் என் மேசைக்கு வந்து ஒரு பதிவை வைத்தார். "மார்க் போட வேண்டாம், சும்மா கேளுங்க" என்று மட்டும் சொன்னார். ஸ்கேன் அன்று எடுத்தது. வேறு யாரோ காதால் கேட்டுப் போட்ட மதிப்பெண்ணும் உங்கள் டாக்டர் திரையில் பார்த்ததும் ஒத்துப்போயிருக்கிறது.

ஹெட்போனை மாட்டினேன். முதல் ஒலி, இரண்டாம் ஒலி. நடுவில் ஒன்றுமே இல்லை. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒன்றுமில்லாததை நான் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. பொடிசு ஏதோ பிதற்றினாள், விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் நீ ஆரம்பித்தாய். பழைய பாலம், தண்ணித் தொட்டி, கண்ணாடிக் கடை, பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரி என்றாய். நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

மர மில். ரயில்வே கேட். "பூங்கா வாசல், கடைசி நிறுத்தம், எல்லாரும் இறங்குங்க."

பின்னால் பஸ் உறுமினாலும் பரவாயில்லை, இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு.

அக்கா